சாகாத அரசனை வைத்து ஒரு சாகசம்: சாபத்திலிருந்து தொடங்குங்கள்

சபிக்கப்பட்ட, சாகாத அரசனை வைத்து ரோல்பிளேயிங் சாகசம் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் கதை விளையாட்டு) எழுத உட்காரும் கேம் மாஸ்டர்கள் (கதையை நடத்துபவர்கள்) பலரும் முதலில் எழுதுவது அவனுடைய ஹிட் பாயிண்டைத்தான் (எவ்வளவு அடி தாங்குவான் என்ற எண்). அடுத்து அரண்மனை மேப் வரும். சாபம் கடைசியில் இரண்டு வரிப் பின்கதையாக ஒட்டிக்கொள்ளும். இப்படி எழுதிய சாகசம் மூன்றாவது செஷனில், அதாவது மூன்றாம் முறை உட்கார்ந்து ஆடும்போது, நின்றுவிடும். பிளேயர்கள் அரசனை வெட்டிச் சாய்ப்பார்கள், அவன் எழுவான், மறுபடி வெட்டுவார்கள். "சரி, இவனை எப்படித்தான் முடிப்பது?" என்று கேட்டால் எழுதியவரிடமே பதில் இருக்காது. சாபத்தின் வாசகத்தை முதலில் எழுதி, மேப், மனிதர்கள், துப்புகள், சண்டை எல்லாவற்றையும் அதிலிருந்தே எடுத்தால் இந்தச் சிக்கல் வராது.

சாகாமையில் மூன்று வகை நமக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்த மந்திரவாதி ஒரு வகை. பகலிலும் இல்லை இரவிலும் இல்லை, உள்ளேயும் இல்லை வெளியேயும் இல்லை என்று நிபந்தனைகளால் தன்னைச் சுற்றி வேலி போட்டுக்கொண்ட இரணியன் இன்னொரு வகை. ஆறாத புண்ணோடு அலையும்படி தண்டிக்கப்பட்ட அசுவத்தாமன் மூன்றாவது.

கிளி வகை எழுதச் சுலபம். ஆனால் மேசையில் அது ஒரு பொருளைத் தேடிப் போய் எடுத்து வரும் பயணமாகச் சுருங்கிவிடும். கிளி கிடைத்ததும் அரசனிடம் பேச வேண்டிய அவசியமே இருக்காது. இரணியன் வகை நல்ல புதிர். ஓட்டையைக் கண்டுபிடித்த கணம் அருமையாக இருக்கும், ஆனால் நான்கு செஷனுக்குத் தாங்காது. அசுவத்தாமன் வகையில் மட்டும்தான் சாகாமையே தண்டனை. அப்போது அரசன் யார், என்ன செய்தான், அதை ஒப்புக்கொள்கிறானா என்ற கேள்விகள் சாகசத்தின் நடுவுக்கு வரும். மூன்றாவதை அடித்தளமாக வைத்து, இரண்டாவதிலிருந்து நிபந்தனையைக் கடன் வாங்குவதுதான் என் பரிந்துரை.

வாசகம்

சாபத்தைப் பின்கதையாக எழுதாதீர்கள். சபித்தவர் வாயிலிருந்து வந்த சொற்களாகவே எழுதுங்கள். என்ன குற்றம், என்ன தண்டனை, எதுவரை என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்.

ஒரு கோட்டை ஊர். 300 ஆண்டுகளுக்கு முன் பஞ்சம். சுற்றுக் கிராமங்களிலிருந்து 200 பேர் தஞ்சம் கேட்டு வருகிறார்கள். அரசன் கதவை மூடச் சொல்கிறான், வாயிற்காவலன் மூடுகிறான். வெளியே நின்றவர்கள் செத்துப்போகிறார்கள். கடைசியாக உயிரோடு இருந்த கிழவி சொன்னது: "எங்களுக்கு மூடிய கதவு சாவுக்கும் மூடியே இருக்கட்டும். மூடச் சொன்ன வாய் மன்னிப்புக் கேட்டு, மூடிய கை திறக்கிறவரைக்கும்."

இதிலிருந்து எவ்வளவு கிடைக்கிறது என்று பாருங்கள். மதிலுக்குள் இருந்த 300 பேரில் யாருக்கும் சாவு வராது, மூப்பும் அன்றோடு நின்றுவிட்டது. ஆனால் பசியைப் பற்றிக் கிழவி எதுவும் சொல்லவில்லை. எனவே பசி இருக்கிறது. தானியம் தீர்ந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. பெரும்பாலானவர்கள் வீட்டுக்குள் கண் திறந்தபடி படுத்துக் கிடக்கிறார்கள். நடமாடுபவர்கள் 40 பேர்தான். பிளேயர்கள் உள்ளே நுழைந்ததும் நடக்கும் முதல் காட்சியும் இதிலிருந்தே வருகிறது. இங்கே நான் விதிகளை எடுக்கும் விளையாட்டான ஐந்தாம் பதிப்பு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் எக்ஸ்ப்ளோரர்ஸ் பேக் என்ற பயண மூட்டை எடுத்தவரிடம் 10 நாள் ரேஷன், அதாவது கட்டுச் சாப்பாடு, இருக்கும். யாரும் கணக்கே வைத்துக்கொள்ளாத அந்த ரேஷன் இந்த ஊரில் தங்கத்தைவிடப் பெரிது. ஒருவர் ஒரு பொட்டலத்தைப் பிரித்தால் போதும், தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும்.

வாய் அரசனுடையது, கை காவலனுடையது. இந்தப் பிரிவை வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். ஏனென்றால் எந்தப் பிளேயரும் கேட்கும் முதல் கேள்வி, "300 வருஷமாக இவன் திறந்து பார்க்கவே இல்லையா?" பார்த்தான். அவனே போய்த் தள்ளினான், கதவு அசையவில்லை. மூடிய கை அவனுடையது இல்லை. காவலனும் தனியாக முயன்றான், அப்போதும் அசையவில்லை. அரசன் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. கட்டளையை மீறித் திறக்கப் பார்த்ததற்காகக் காவலன் அரண்மனைக்கு அடியில் சிறையில் கிடக்கிறான். இந்தச் சாபம் தீராது என்று முடிவு கட்ட இருவருக்கும் போதுமான காரணம் இருக்கிறது. நீங்கள் எழுதும் சாபம் எதுவானாலும், இத்தனை காலம் ஏன் தீரவில்லை என்பதற்கு இவ்வளவு திடமான பதில் வேண்டும். அரசனுக்குத் தோன்றவில்லை என்பது பதில் ஆகாது.

பிளேயர்கள் தேடும் குறுக்கு வழிகள்

சாகாதவன் எதிரே நின்றால் பிளேயர்கள் வழக்கமாகச் செய்து பார்ப்பவை: தலையை வெட்டுவது, எரிப்பது, கட்டிப் போட்டுவிட்டுப் போவது, மதிலுக்கு வெளியே தூக்கிச் செல்வது, கதவை உடைப்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிப் பதிலை முன்கூட்டியே எழுதி வையுங்கள். பதில் "முடியாது" என்று இருக்கக்கூடாது. "முடியும், ஆனால் இப்படி ஆகும்" என்று இருக்க வேண்டும்.

தலையை வெட்டினால் தலை பேசிக்கொண்டே இருக்கும். எரித்தால் உடல் கரியாகும், விடியலில் வலியோடு திரும்பும்; பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அதற்குமேல் எரிக்க மனம் வராது. கட்டிப் போட்டால் கட்டுண்டே கிடப்பான், இதை மறுக்கவே மறுக்காதீர்கள். பேச வைப்பதற்கு அது நல்ல வழி. மதில் ஏறி வெளியே கொண்டு போனால், அடுத்த விடியலில் கதவின் உட்புறத்தில் கிடப்பான். கதவை உடைத்தால் விடியலில் புதிதாக நிற்கும். பூட்டு திறக்கும் மந்திரமான நாக் ஸ்பெல் போட்டால் தாழ்ப்பாள் படீரென்று விழும், கதவு நகராது. பூட்டினால் அல்ல, வேறொன்றினால் மூடியிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஸ்பெல்கள் தனிச் சிக்கல். கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் போடும் பாத்திரம்) 5-ஆம் லெவலில் மூன்றாம் நிலை ஸ்பெல்களைப் பெறுகிறார், அதில் ரிமூவ் கர்ஸ் இருக்கிறது. தொட்ட உயிர் அல்லது பொருளின் மேல் உள்ள சாபங்கள் நீங்கும் என்கிறது விதி. நான்கு செஷன் சாகசத்தை ஒரே ஸ்பெல் ஸ்லாட் (ஒரு தடவை ஸ்பெல் போடும் வாய்ப்பு) முடித்துவிடும் ஆபத்து இங்கேதான். "இது பழைய சாபம், ஸ்பெல் வேலை செய்யாது" என்று சொல்வது பெரிய தவறு. அந்தப் பிளேயர் தயார் செய்து வந்த திறமையைப் பிடுங்குகிறீர்கள். அதற்குப் பதிலாகச் சாபம் ஊர் முழுவதையும் பிடித்திருக்கிறது, ஸ்பெல் ஒருவரை மட்டும் அதிலிருந்து விடுவிக்கும் என்று வையுங்கள். ஊர்க்காரர் ஒருவர்மேல் போட்டால் அவருக்குச் சாவு திரும்ப வரும்: ஒரு நிமிடம், அமைதியாக, ஒரே ஒரு உண்மையைச் சொல்லிவிட்டுப் போவார். கதவின் மேல் போட்டால் அது சாபம் கட்டப்பட்ட ஒரு முடிச்சு மட்டுமே என்பதால் திறக்காது, ஆனால் வாசகத்தின் முதல் பகுதி கிழவியின் குரலில் கேட்கும். அரசன்மேல் போட்டால் அவனும் ஒரு நிமிடத்தில் சாவான், மன்னிப்புக் கேட்க வேண்டிய வாய் அவனோடு போய்விடும், ஊர் நிரந்தரமாக மூடிக்கொள்ளும். கடைசி விளைவு பயங்கரமானது. அதனால் முதலில் ஊர்க்காரர் ஒருவர் தன்னை விடுவிக்கச் சொல்லிக் கெஞ்சும் காட்சியை வைத்து, ஸ்பெல் என்ன செய்யும் என்று காட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு அரசன்மேல் போட்டால் அது அவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு.

இன்னொன்று: இந்த ஊர்க்காரர்கள் அன்டெட் (செத்தும் நடமாடுபவர்கள்) இல்லை. சாக முடியாத உயிருள்ள மனிதர்கள். அன்டெட்டை விரட்டும் கிளெரிக்கின் சக்தியான டர்ன் அன்டெட் இவர்களிடம் செல்லாது. கிளெரிக் ஆடுபவருக்கு இதை முதல் சந்திப்பிலேயே விளையாட்டுக்குள் தெரியும்படி செய்யுங்கள். நாடித் துடிப்பு ஒன்றே போதும். செத்தவரிடம் பேச வைக்கும் ஸ்பீக் வித் டெட் ஸ்பெல்லைத் தடுக்க வேண்டாம். வெளியே 200 எலும்புக்கூடுகள் கிடக்கின்றன, ஸ்பெல் ஐந்து கேள்வி தருகிறது. செத்தவர் உயிரோடு இருந்தபோது அறிந்ததைத்தான் சொல்வார் என்பது விதியிலேயே இருக்கிறது. கிழவிக்குமுன் செத்தவர்கள் சாபத்தைக் கேட்கவில்லை, ஆனால் யார் கட்டளையிட்டார், யார் மூடினார் என்பதைப் பார்த்திருக்கிறார்கள். கிழவியின் எலும்புக்கூட்டில் தாடை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், வாய் இல்லாத உடல் பேசாது. தாடை எங்கே போனது என்பதையே அரசனின் முதல் குற்ற உணர்வுக்குச் சாட்சியாக்கலாம்: அவள் குரல் இன்னும் கேட்கிறது என்று பயந்து, ஆள் அனுப்பி எடுத்துவரச் செய்து, பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறான்.

பிளேயர்களுக்கும் சாவு இல்லை

மதிலுக்குள் சாவு வராது என்றால் பிளேயர்களின் கேரக்டர்களுக்கும் வராது. பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு நடுச் சண்டையில் மாட்டிக்கொள்கிறார்கள். வேறு சிலர் "சாபம் உங்களைப் பாதிக்காது" என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். அது கைக்கு வந்த நல்ல வாய்ப்பை வீணாக்குவது.

நன்றாக வேலை செய்யும் விதி இது. உள்ளே பூஜ்யம் ஹிட் பாயிண்டுக்கு வந்தவர் மயங்குகிறார், டெத் சேவிங் த்ரோ (சாவிலிருந்து தப்ப 20 பக்க டைஸில் 10 அல்லது அதற்கு மேல் உருட்டுவது) போட வேண்டாம், ஒரு மணி நேரத்தில் 1 ஹிட் பாயிண்டோடு எழுகிறார். ஆனால் அவர் ஷீட்டில் ஓர் "ஆறாத காயம்" எழுதப்படும், எந்த ஹீலிங்கும் அதை அழிக்காது. கதவு திறக்கும் நொடியில் ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு டெத் சேவ் போட வேண்டும். மூன்று தோல்வி சேர்ந்தால் சாவு, டைஸில் 1 விழுந்தால் வழக்கம்போல் இரண்டு தோல்வி. கணக்குப் போட்டால், ஒரு காயம் உள்ளவருக்கு ஆபத்தே இல்லை, இரண்டு உள்ளவர் சாக வாய்ப்பு சுமார் 4 சதவீதம், மூன்று உள்ளவருக்கு 16 சதவீதம். முதல் செஷனில் சும்மா விழுந்து எழுந்தவர் மூன்றாவது செஷனில் மிகவும் எச்சரிக்கையாக ஆடுவார். கதவைத் திறக்கலாமா என்ற விவாதத்தில் அவருக்கும் இப்போது உயிர் சம்பந்தப்பட்ட பங்கு இருக்கிறது. அரசனின் கருவூலத்தில் 300 பொற்காசு மதிப்புள்ள வைரம் ஒன்றை வைத்துவிடுங்கள். செத்தவரை எழுப்பும் ரிவிவிஃபை ஸ்பெல்லுக்கு அது வேண்டும். தேடிக் கண்டுபிடித்தவர்களுக்கு ஒரு உயிர் திரும்பக் கிடைக்கும், தேடாதவர்களுக்கு இல்லை.

கூடவே ஒரு கெடு. வெளியிலிருந்து வந்தவர்கள் மூன்று இரவுகள் உள்ளே தூங்கினால் அவர்களும் ஊரோடு சேர்ந்துவிடுவார்கள். இதை ரகசியமாக வைக்காதீர்கள். 60 ஆண்டுகளுக்கு முன் வடிகால் வழியாகத் திருட வந்து மாட்டிக்கொண்டவன் ஒருவன் முதல் இரவே வந்து சொல்லட்டும்.

துப்புகள்

தெரிய வேண்டியவை மூன்று: சாபம் எதைத் தடுக்கிறது, யார் வாய், யார் கை. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று துப்பு, மூன்று வெவ்வேறு இடங்களில் வேண்டும். ஒன்றை விட்டுவிடுவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது பிடிபடும். மொத்தம் ஒன்பது துப்பு. மேப்பில் ஏழு இடங்கள் போதும். "யார் கை" என்பதற்கு எடுத்துக்காட்டு: வாசலில் செதுக்கிய காவலர் முறைப் பட்டியலில் அந்த நாளின் பெயர் மட்டும் சுரண்டப்பட்டிருக்கிறது, சிறைக் கதவுக்குப் பின்னால் ஒருவன் தாழ்ப்பாள் இழுப்பதுபோல் காற்றில் கையை அசைத்துக்கொண்டிருக்கிறான், வெளியே கிடக்கும் எலும்புக்கூடுகளிடம் கேட்டால் "அவன் அழுதுகொண்டே மூடினான்" என்கின்றன. டைஸ் உருட்டித் தோற்றால் கிடைக்காத துப்பாக எதையும் வைக்காதீர்கள். இடத்துக்குப் போனால் துப்பு கிடைக்கும். நன்றாக உருட்டினால் அதோடு இன்னொரு விவரமும் கிடைக்கும்.

அரசன்

நான்கு பேர், 5-ஆம் லெவல் என்றால், ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளில் ஹார்ட் (கடினமான) சண்டையின் எல்லை 3,000 எக்ஸ்பி (எதிரியின் பலத்துக்கேற்ற அனுபவப் புள்ளி), டெட்லி (உயிராபத்தான) சண்டைக்கு 4,400. விதிப் புத்தகத்திலிருந்து மம்மி லார்டை (பதப்படுத்திய பிணமாக நடமாடும் தலைவன்) எடுத்து அரசனாக்க ஆசை வரும். அது சேலஞ்ச் ரேட்டிங் (எதிரியின் வலிமை எண்) 15, 13,000 எக்ஸ்பி, பார்ட்டியே அழிந்துவிடும். சேலஞ்ச் ரேட்டிங் 8 என்றால் 3,900, இரண்டு எல்லைக்கும் நடுவில் சரியாக உட்காரும். ஆர்மர் கிளாஸ் (அடி படாமல் காக்கும் எண்) 16, ஹிட் பாயிண்ட் 120, தாக்கும்போது டைஸோடு கூட்ட +7, தன் முறை வரும்போது இரண்டு தாக்குதல். இந்த அளவில் சண்டை மூன்று நான்கு ரவுண்டில் முடியும். அது போதும், இவன் தோற்பதில்தான் கதை இருக்கிறது.

விழுந்தவன் எப்போது எழுகிறான் என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள். மம்மி லார்ட் 24 மணி நேரத்தில் திரும்புகிறது, லிச் என்ற சாகாத மந்திரவாதி 1டி10 நாளில் (10 பக்க டைஸ் காட்டும் எண்). இரண்டுமே பிளேயர்கள் வீட்டுக்குப் போன பிறகு நடப்பவை. இந்த அரசனுக்கு 10 நிமிடம் கொடுங்கள். அறையைத் தேட, பெட்டியைத் திறக்க, அவனைக் கட்ட, தங்களுக்குள் சண்டை போட அது போதுமான நேரம். அவன் கண் விழிக்கும்போது எல்லாரும் அங்கேயே இருப்பார்கள். முதல் சந்திப்பு இரண்டாவது செஷனுக்குத் தள்ளிப் போகக்கூடாது. கடைசியில் மட்டும் வரும் அரசன் யாருக்கும் மனிதனாகத் தெரிய மாட்டான்.

படை வேண்டுமென்றால் இரண்டு வெட்டரன் (அனுபவ வீரர்), நான்கு கார்டு (சாதாரணக் காவலர்): 1,500 எக்ஸ்பி, ஆறு எதிரிகளுக்கான இரண்டு மடங்குப் பெருக்கலோடு 3,000. அவர்களும் ஒரு மணி நேரத்தில் எழுவார்கள், ஆகவே ஒரே தாழ்வாரத்தில் இரண்டு தடவை சண்டை போட வேண்டிவரும். சோர்வாகத் தெரிந்தால் காவலர்கள் இரண்டாம் தடவை ஆயுதத்தை எடுக்காமல் உட்கார்ந்துகொள்ளட்டும். 300 ஆண்டு பசியில் இருப்பவர்களுக்கு அது இயல்பு.

அரசனை மன்னிப்புக் கேட்க வைப்பதுதான் உண்மையான கடைசிச் சண்டை. அதை ஒரே ஒரு பெர்சுவேஷன் ரோலில் (பேசி இணங்க வைக்க டைஸ் உருட்டுவது) முடித்தால் அத்தனை உழைப்பும் வீண். அவன் தன்னை நியாயப்படுத்த மூன்று வாதம் வைத்திருக்கிறான்: தானியம் போதாது, வெளியே இருந்தவர்கள் எதிரியின் ஒற்றர்கள், திறக்கச் சொன்ன அமைச்சர் துரோகி. 20 பக்க டைஸோடு கேரக்டரின் திறமை எண்ணைக் கூட்டி எட்ட வேண்டிய தொடக்க இலக்கு எண் 25. ஒரு வாதத்தை ஆதாரத்தோடு உடைத்தால் 5 குறையும். +7 உள்ள கேரக்டருக்கு 25-ல் வெற்றி வாய்ப்பு 15 சதவீதம், 20-ல் 40, 15-ல் 65, மூன்றும் உடைந்தால் 90.

ஆதாரங்களில் முக்கியமானது களஞ்சியக் கணக்கு ஏடு. 300 பேருக்கு 90 நாள் தானியம், அதாவது 27,000 நாள்படி (ஒருவருக்கு ஒரு நாள் பங்கு). 500 பேருக்குப் பங்கிட்டால் 54 நாள் வந்திருக்கும். மழை பெய்தது 41-ஆம் நாள். இந்தக் கணக்கை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். ஏட்டை அச்செடுத்துப் பிளேயர்கள் கையில் கொடுங்கள். எண்கள் மட்டும் இருக்கட்டும், மழை பெய்த நாள் வேறொரு இடத்தில், அர்ச்சகரின் குறிப்பில் இருக்கட்டும். மேசையில் யாராவது ஒருவர் வகுத்துப் பார்ப்பார். அவர் தலையைத் தூக்கி மற்றவர்களைப் பார்க்கும்போது, அரசனுக்கும் இது தெரியும் என்பதும் அவருக்குப் புரிந்திருக்கும்: ஏட்டின் ஓரத்தில் 54 என்ற எண் அரசன் கையெழுத்திலேயே இருக்கிறது.

அரசனை நீங்கள் ஆடும்போது கவனம் வேண்டும். நீண்ட வசனம் பேசத் தோன்றும். ஒரு முறைக்கு இரண்டு மூன்று வாக்கியத்தோடு நிறுத்திக் கேள்வியைப் பிளேயர்களிடம் திருப்புங்கள். "நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் எத்தனை பேரை உள்ளே விடுவீர்கள்? எண்ணைச் சொல்லுங்கள்." சிலர் அவன் பக்கம் சாய்வார்கள். சாயட்டும்.

கதவைத் திறப்பதா

திறந்தால் 300 பேரும் சாவார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது விடுதலை, எல்லாருக்கும் அல்ல. எல்லா ஊர்க்காரர்களுக்கும் பெயர் வைக்க வேண்டாம், ஐந்து பேர் போதும், ஆனால் அதில் இரண்டு பேராவது வாழ விரும்ப வேண்டும். இன்னும் புதுப் புது நாடகம் எழுதிக்கொண்டிருக்கும் கூத்துக்காரர் ஒருவர். அந்தத் திருடன் இன்னொருவன். கதவு திறந்தால் 60 ஆண்டும் அவன்மேல் ஒரேயடியாக இறங்கும், 25 வயதுக்காரன் 85 ஆவான், சில நாள் இருப்பான். இவர்கள் இல்லாவிட்டால் கடைசி முடிவு வெறும் சடங்கு.

பஞ்சம், பட்டினி, சாவை வேண்டிக் கெஞ்சுவது எல்லாம் வரும் சாகசம் இது. ஆரம்பிக்கும்முன் பிளேயர்களோடு உட்கார்ந்து எது வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். யாராவது குழந்தைகள் வேண்டாம் என்றால் மதிலுக்குள் குழந்தைகளே இல்லை; கதை ஒன்றும் குறையாது.

பிளேயர்கள் கதவைத் திறக்காமலே போகலாம், அரசனைக் கொன்று ஊரை நிரந்தரமாக அடைக்கலாம், உணவு வண்டிகளை மதிலுக்கு மேலே கயிற்றில் ஏற்றும் ஏற்பாடு செய்யலாம். கடைசியாகச் சொன்னதை யாராவது யோசித்தால் தாராளமாக அனுமதியுங்கள்; சாபம் அப்படியே இருக்கும், ஆனால் பசி தீராது என்று யாரும் எழுதவில்லை. ஒவ்வொரு முடிவுக்கும் ஆறு மாதம் கழித்து என்ன ஆனது என்று இரண்டு வரி எழுதி வைத்தால் போதும்.

கதவு திறக்கும் முடிவானால் வரிசை முக்கியம். அரசன் மதில்மேல் ஏறி எலும்புகளைப் பார்த்துப் பேசுகிறான், பிறகு காவலன் தாழ்ப்பாளில் கை வைக்கிறான், பிறகு பிளேயர்கள் தங்கள் ஆறாத காயங்களுக்கு டைஸ் உருட்டுகிறார்கள், அதற்குப் பிறகுதான் ஊர்க்காரர்களுக்கு என்ன ஆகிறது என்று சொல்கிறீர்கள். டைஸை முதலில் உருட்டினால் அரசனின் சொல்லை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். இதற்கெல்லாம் செஷன் முடிய ஒரு மணி நேரமாவது மிச்சம் வேண்டும். நேரம் போதாவிட்டால் காவலன் சிறையிலிருந்து வெளியே வரும் இடத்தில் நிறுத்திவிட்டு அடுத்த முறை தொடருங்கள். எக்ஸ்பி கணக்கு வைப்பவர்கள், அரசனை வெட்டி வீழ்த்தாமல் பேசியே மன்னிப்புக் கேட்க வைத்த பார்ட்டிக்கும் அவனுக்கான 3,900-ஐ முழுதாகப் பங்கிட்டுக் கொடுங்கள்.